நாற்பது நடை

"இது புல்வெளிம்மா. உங்க வீட்டு வராந்தா இல்ல."

பெவன் கத்தியதை சலோட்டே காதில் வாங்கவே இல்லை. ரப்பர் செருப்பு சப்புச் சப்பென்று அடிக்கப் புல்வெளியைக் குறுக்கே கடந்தாள். எதிர்ப்பக்கம் இருக்கும் ரயில் நிலையத்து வாசல்வரை போனாள். உள்ளே நுழையவில்லை. அப்படியே திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

அயன்பார்க் எஸ்டேட் என்ற இந்தப் புதுக் குடியிருப்பில் மூன்று வருஷம் முன்புவரை மாடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. இன்று எண்ணூறு வீடு. வீட்டுக்கு இரண்டு கார். தெருவெல்லாம் வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் நிற்கும். ரயில் நிலையம் கண்ணெதிரே தெரியும், ஆனால் ரோட்டு வழியாகப் போனால் மூன்று கிலோமீட்டர், அதுவும் லாரி பறக்கும் நெடுஞ்சாலை ஓரமாக. நடுவில் கிடப்பது இந்தப் புல்வெளி.

புல்லைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட் பெவனுடையது. இந்த மாதக் கடைசியில் நகர கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். புல் சரியில்லை என்றால் கான்ட்ராக்ட் கைமாறிவிடும். அந்தப் புல்லுக்கு நட்டநடுவே, சலோட்டேயின் கால் பட்டுப் பட்டு, வழுக்கையாக ஒரு நீளக் கோடு விழுந்திருந்தது.

"ரயிலுக்குப் போறீங்கன்னாலும் பரவால்ல. போகவும் இல்ல. குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு இந்த நடை?"

"நடக்கணும் பெவன். நடக்கிறேன்."

"உடம்பு இளைக்கவா? ரோட்டுல போய் நடங்களேன்."

"நான் இளைச்சுப்போய், பொறந்த நாடு டோங்காவுல இறங்கினா, எங்க சொந்தக்காரங்க என்னை ஆஸ்பத்திரியில சேர்த்துடுவாங்க."

சிரித்தாள். ஆனால் நிற்கவில்லை.

பெவன் விதை தூவினான். முளைவிட்ட அன்றைக்கே மிதிபட்டது. கயிறு கட்டினான். பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு தாண்டினாள். 'புல்லை மிதிக்காதீர்கள்' என்று பலகை நட்டான். அதில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்தாள். மழை நாளிலாவது விடுவாள் என்று பார்த்தால், குடையோடு வந்து சேர்ந்தாள். பெவனுக்கு அழுகையே வந்தது.

கடைசியில் எண்ண ஆரம்பித்தான். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. ஒரு நாள் தவறாமல் நாற்பது நடை. எல்லாவற்றையும் நோட்டில் தேதியோடு எழுதி வைத்தான். கவுன்சில் ஆள் வரட்டும், இவளுக்கு அபராதம் போட வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தான்.

மாதக் கடைசியில் ப்ரூ என்ற அதிகாரி வந்தாள். கோட்டின் மேலேயே நடந்துபோய் அளந்தாள். சலோட்டே அவளைச் சுற்றிக்கொண்டு தன் நடையைத் தொடர்ந்தாள்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ஆறு மாசமா" என்றான் பெவன்.

"ஒரு நாளைக்கு எத்தனை நடை இருக்கும்?"

இதற்காகத்தானே காத்திருந்தான். நோட்டை நீட்டினான். "நாற்பது. நானே எண்ணியிருக்கேன். கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

"போடுங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினாள்.

போட்டான். ப்ரூ படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆறு மாசம் தொடர்ந்து, ஒரு நாளைக்கு முப்பது நடை தாண்டினா அங்க பாதை போட்டுக் குடுக்கணும்னு எங்க விதி. அடுத்த மாசம் கான்கிரீட் போட்டுடலாம்."

பெவன் கோட்டைப் பார்த்தான், படிவம் போன பையைப் பார்த்தான்.

"நாங்க ஆபீஸ்ல உக்காந்து மேப்புல ஒரு கோடு போடறோம், பெவன். ஜனங்க காலால வேற கோடு போடறாங்க. ஊர் என்னவோ அவங்க கோட்டுலதான் வளருது."

"அப்ப என் புல்லு?"

"மத்த இடமெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு. கான்ட்ராக்ட் உங்களுக்குத்தான்."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் ஆறு மாத ஆத்திரம் லேசில் அடங்குமா?

"ஜனங்களும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நாற்பதும் இந்த ஒரு பொம்பளைதான்."

ப்ரூ திரும்பி சலோட்டேயைப் பார்த்தாள். "எத்தனை நடைன்னுதான் விதியில இருக்கு, எத்தனை ஆளுன்னு இல்ல. போட்ட பாதை போட்டதுதான். ஆனா எனக்குத் தெரியணும். ஸ்டேஷன்ல உங்களுக்கு அப்படி என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. முதியோர் இல்லத்துல வேலை பாக்கிறேன், கார்லதான் போறேன்."

"பின்னே எதுக்கு இவ்வளவு பாடு?"

சலோட்டே நடையை நிறுத்தினாள். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினாலாம் நம்பர் வீட்டுல டீகன்னு ஒரு பொண்ணு. ரயிலேறி வேலைக்குப் போகணும். இங்க பாதை வேணும்னு மூணு தடவை உங்களுக்கு எழுதிப் போட்டா. 'அங்கே யாரும் நடந்த தடமே இல்லை'ன்னு மூணு தடவையும் உங்க ஆபீஸ்லேர்ந்து பதில் வந்துச்சு."

"இவ்வளவுதானா?" என்றான் பெவன். "அந்தப் பொண்ணே நடந்து தடம் போட்டிருக்க வேண்டியதுதானே?"

"நடக்க முடிஞ்சா, அவ சக்கர நாற்காலிக்கு எதுக்கு பெவன் பாதை கேக்கப்போறா?"