பெலாகோன் மகன்

“பெலாகோன் மகனோட முகம் தெரியாட்டி என்ன? கையில கிடைக்கட்டும்! அவன் அப்பன் என் அப்பாவைக் கொன்னதுக்கு அவன் தலையை எடுக்கறேன்!” ஈட்டியைத் தீட்டினார் தெயினியாஸ்.

வாசலில் மழையில் நனைந்தபடி ஓர் இளைஞன் வந்து நின்றான். தெயினியாஸ் அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். மகள் மிர்ரினே கைகழுவ நீர் ஊற்றினாள். கொழுத்த விலாக்கறியை அவரே பரிமாறினார்.

அவன் சாப்பிட்டு முடித்ததும், “இப்ப சொல்லு தம்பி, நீ யார் மகன்?” என்றார்.

“பெலாகோன் மகன்.”

ஈட்டிக்குப் போன கை பாதியில் நின்றது. தன் வீட்டில் சாப்பிட்டவனைக் கொன்றால் வம்சத்துக்கே இழுக்கு.

“என் வீட்டுக்கு உனக்கு யாருடா வழி காட்டினது?”

அவன் மிர்ரினேயைப் பார்த்தான்.

“விருந்தாளி சாப்பிடறதுக்கு முன்னாடி பேர் கேக்கறது நம்ம வழக்கமில்லையேப்பா!” என்றாள் அவள்.

தெயினியாஸ் வெடித்துச் சிரித்தார். “அடிக் கள்ளி! மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு வை!”