பொரித்தவரைக் கூப்பிடுங்கள்!

“பொரிச்சது யாரு? வரச் சொல்லுங்க வெளியே!”

கோழிக் கடையே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோர மேசையில், கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்த தையல்காரர்தான் கத்தியது. கையில் பாதி கடித்த கோழிக்கால்.

அடுத்த மேசையில் கணக்கு டீச்சர். நியாயமாகப் பார்த்தால் அவர்தான் கத்தியிருக்க வேண்டும். இருபது நிமிடம் காத்திருந்து, கால் கேட்டவருக்கு இறக்கை வந்திருந்தது. அதுவும் எந்தச் சண்டையில் அடிபட்ட கோழியோ, அரை இறக்கை. கோலாவில் கோலாவைவிட ஐஸ் அதிகம். புகார் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் முந்திக்கொண்டுவிட்டார்.

மேனேஜர் ஓடோடி வந்தார். முகத்தில் கவலையே இல்லை, பெருமைதான். அந்தக் கடையின் கொள்கை அப்படி. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள்: ‘குறையா? பொரித்தவரே வந்து, உங்கள் எதிரில் உட்கார்ந்து, முழுவதும் கேட்பார்!’

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். முகமெல்லாம் வேர்வை, ஏப்ரன் எல்லாம் மாவு. தையல்காரர் எதிரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

தையல்காரர் ஆரம்பித்தார்.

“என்னம்மா கோழி இது? கடிச்சா இவ்வளவு சத்தமா வரும்? அக்கம்பக்கத்துல எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க!”

“மன்னிச்சிடுங்க சார்.”

“போன வாரம் காரம் கம்மி. இன்னைக்குச் சரியா இருக்கு. யாரைக் கேட்டு மாத்தினீங்க?”

“தப்புதான் சார்.”

“அப்புறம் இந்த எலும்பு. எதுக்கு நட்டநடுவுல இருக்கு? ஓரமா இருந்தா ஆகாதா?”

அந்த அம்மாள் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பாவி மனுஷன், ஒரு பொம்பளையை நாலு பேர் பார்க்க அழவைத்துவிட்டானே! தன் அரை இறக்கையைப் பார்த்தார். இந்த அம்மாள் தலையில் இன்னொரு புகாரையும் கட்டுவதா? வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆனால் இந்த ஆளைச் சும்மா விடுவதாக இல்லை.

“நிறுத்துங்க!” என்று எழுந்தேவிட்டார். “நாலு துண்டைத் தின்னு தீர்த்து எலும்பை அடுக்கி வச்சுட்டு, கோழி சரியில்லைன்னா என்ன அர்த்தம்? உங்க அக்கா வயசு இருக்கும் அவங்களுக்கு! நீங்க எழுந்திருங்கம்மா. இந்த ஆள் முன்னாடி நீங்க உட்கார வேண்டிய அவசியமே இல்லை.”

“இல்லைங்கம்மா, சார் இன்னும் முடிக்கலையே...”

“அதெல்லாம் முடிச்சாச்சு! மேனேஜர், எனக்கும்தான் தப்பா வந்திருக்கு. வாயைத் திறந்தேனா? மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

கடையில் இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். ஒருவர் விசிலே அடித்தார். தையல்காரர் திருதிருவென்று விழித்தார்.

“சரிக்கா, உள்ளே போங்க. சட்டி காயுது” என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து போனார். மேனேஜரும் கல்லாவுக்குத் திரும்பினார். டீச்சர் உலகக் கோப்பையை வாங்கியவர் மாதிரி உட்கார்ந்து இறக்கையைக் கடித்தார்.

தையல்காரர் விரலைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் சாய்ந்தார்.

“கெடுத்துட்டீங்களே, மேடம்.”

“எதை?”

“காலையிலேருந்து நிக்கறாங்க அந்தக்கா. ரெண்டு முட்டியும் வீங்கிக் கிடக்கு. உள்ளே ஒரு ஸ்டூல் கேட்டா, எண்ணெய்ச் சட்டி பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு சட்டம் பேசறாங்க. இந்தக் கடையில அவங்க உட்காரணும்னா, யாராவது புகார் சொன்னாத்தான் உண்டு.”

டீச்சர் மெல்லுவதை நிறுத்தினார்.

“இந்தத் தெருவுல நாங்க ஏழு பேர். ஆளுக்கொரு நாள்னு முறை போட்டுத் திட்டறோம். நேத்து பூட்டு ரிப்பேர்காரர். பாவம், அவருக்குத் திட்டவே வராது. பாதியில அவரே மன்னிப்புக் கேட்டுட்டார்.”

“ஐயையோ, அவங்க வேலைக்கு ஏதாவது ஆயிடாதா?”

“எப்படி ஆகும்? முடிஞ்சதும் ‘குறை தீர்ந்தது, முழு திருப்தி’ன்னு எழுதிக் கொடுத்துடுவோமே! மேனேஜருக்கு ஹெட் ஆபீஸ்ல கேடயமே கொடுத்திருக்காங்க.”

“அப்போ... அவங்க அழுதது?”

“அழுகையா? சிரிப்பை அடக்கிட்டு இருந்தாங்க மேடம். எலும்பு விஷயம் இன்னைக்குத்தான் புதுசா யோசிச்சேன்.”

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பாவம்னு நினைச்சு நான் என் புகாரை முழுங்கித் தொலைச்சேனே!”

“அதைத்தான் சொல்றேன். இங்கே ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு புகார்தான் கணக்கு. என்னுது முடிஞ்சுபோச்சு. உங்களுது வேற நிஜப் புகார்!”

டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல் அது. கடையே அதிர்ந்தது.

“மேனேஜர்! பொரிச்சவங்களை வரச் சொல்லுங்க! மெத்தை வச்ச நாற்காலியா பார்த்துப் போடுங்க. நான் இருபத்தெட்டு வருஷமா டீச்சர். திட்ட ஆரம்பிச்சேன்னா, பீரியட் முடிஞ்சு மணி அடிச்சாத்தான் நிறுத்துவேன்!”