மூன்றாவது ஒன்ஸ்மோர்

தமிழ்கூறும் நல்லுலகம் முப்பத்தேழு ஆண்டுகளாக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த திருநாள் இன்று வந்தே விட்டது என்று சபா செயலாளர் மைக்கில் அறிவித்தார்.

நல்லுலகத்திலிருந்து நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நன்கொடையாளர் குடும்பம்.

அவள் முதல் வரிசையில் இருந்தாள். சற்று முன் போர்த்திய பொன்னாடையின் விலைச்சீட்டு கழுத்தில் குத்திக்கொண்டிருந்தது.

'வீரகேசவன் வனவாசம்' இசை நாடகம் மீண்டும் மேடையேறுகிறது என்றார் செயலாளர். இதே மேடையில் ராஜபார்ட் அருணகிரி பாடிய பாட்டுக்கு இந்த ஊர் மூன்று முறை ஒன்ஸ்மோர் கேட்டது. மூன்று முறையும் அவர் திரும்பப் பாடினார். அந்த மரபைக் காப்பாற்ற ரசிகப் பெருமக்கள் இன்றும் ஒத்துழைக்க வேண்டும்.

"கேட்டுடுவோம் சார், டிபன் உண்டுல்ல?" என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

அருணகிரி அவள் புருஷன். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் போனவர்.

மடியில் விழா மலர் கிடந்தது. மூன்றாம் முறையும் பாடி முடித்து, உள்ளே சென்று, கலைத்தாயின் மடியில் தலை சாய்த்தார் என்று அதில் போட்டிருந்தார்கள்.

அவர் தலை சாய்த்தது உடுப்புப் பெட்டியின் மேல். தூக்கிப் பார்த்தவள் அவள்.

திரை விலகியது.

அரசனாக ஓர் இளைஞன் நின்றான். உடைவாளைக் கழற்றி வைத்தான். ஊரிடம் விடைபெறும் பாட்டு தொடங்கியது.

மூன்றாவது அடியில் அவன் வலது கை இடது மார்புக்குப் போனது. நான்கு விரலும் விரிந்திருக்க, கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது.

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்ட செயலாளர் காதருகே குனிந்தார்.

"பாத்தீங்களாம்மா, ஐயாவோட அந்தக் கை! ஃபோட்டோவ முன்னால வெச்சு ஒரு மாசம் பழக்கினோம். கட்டவெரல் மொதக்கொண்டு அப்படியே."

முதல் ஒன்ஸ்மோர் வந்தது. நன்கொடையாளர் வரிசையிலிருந்து, சொல்லி வைத்தாற்போல்.

அன்றைக்கு அந்தக் கை இரண்டாவது ஒன்ஸ்மோரில்தான் மேலே போனது.

அவள் பெண்கள் பக்கம் இருந்தாள். அவர் நாடகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் கண் கூட்டத்தில் எதையோ தேடியது. அவள்மேல் வந்து நின்றது. கை நெஞ்சில் இருந்தது.

இத்தனை பேர் நடுவில் தனக்குச் சாடை காட்டுகிறார் என்று நினைத்தாள்.

வெட்கத்தில் முகம் சுட்டது.

பாட்டு முடிந்தது. கைதட்டலும் ஓய்ந்தது. ஊர் போதும் என்றுதான் இருந்தது.

மூன்றாவது ஒன்ஸ்மோர் கேட்டது அவள். ஒற்றைக் குரல். பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ரசிகர் வெள்ளம் கேட்டது என்று மலர் சொல்கிறது. வெள்ளத்துக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேடையில் இரண்டாவது ஒன்ஸ்மோர் நடந்துகொண்டிருந்தது. இளைஞனின் நெற்றியில் அரிதாரம் கரைந்து புருவத்தில் இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. மார்பில் அந்தக் கை.

அவள் செயலாளரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தம்பி, போதும்னு சொல்லுங்க."

"என்னம்மா போதும்? மூணுன்னு மலர்ல அச்சடிச்சாச்சே!"

"அந்தப் புள்ளைக்கு முடியல. நெஞ்சப் புடிக்குது பாருங்க."

"அதாம்மா ஐயா ஸ்டைலு!" என்றார் செயலாளர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் எழுந்தாள். திரும்பி, நிறுத்துங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

புருஷன் பாட்டுக்கு அந்தம்மாவே எழுந்து நிற்கிறார். இனி யாரால் உட்கார முடியும்? முதல் வரிசை எழுந்தது. பின்னாலேயே சபை முழுக்க எழுந்தது. மடக்கு நாற்காலிகள் படபடவென்று மூடிக்கொண்டன. தூக்கிய கையை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு நாலைந்து பேர் கும்பிட்டார்கள்.

"போதும்" என்றாள். கைதட்டலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

மூன்றாவது ஒன்ஸ்மோர் நூற்றிருபது தொண்டையிலிருந்தும் வந்தது.

அவன் மறுபடி தொடங்கினான்.

விடைபெற்றான். கை மார்புக்குப் போனது. பாடிக்கொண்டே உள்ளே போகும் வழியைப் பார்த்து ஓர் அடி வைத்தான். அங்கே இருட்டு. அந்த இருட்டில் என்ன இருக்கிறது என்று இந்தச் சபையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பொன்னாடை நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. மேடை ஓரத்துக்குப் போய், பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"வேணாம்யா. உள்ள போகாத. இங்கயே உக்காரு."

பாட்டு உச்சிக்கு ஏறியிருந்தது. இறங்காமல் அங்கேயே நின்றது. பின்னால் யாரோ விம்மினார்கள்.

மேடையோரம் ஆர்மோனியக்காரர் இரண்டு கையையும் எடுத்து, வேட்டி நுனியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஆர்மோனியம் நிற்கவில்லை.

அரசன் வாயை மூடினான். அவள் பக்கம் குனிந்தான்.

"பாத்து நில்லுங்கம்மா, கால்கிட்ட ஒயரு."

குரல் இன்னும் உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தது.

பாட்டு பென்டிரைவில் இருந்தது.