ரெண்டாவது போட்டோ

கார் கண்மாய்க் கரையில் வந்து நின்றபோது என் தலையில் துண்டு, சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, கையில் மண்வெட்டி.

கண்ணாடி இறங்கியது.

"ஏனுங்க, சோலைமலை வீட்டுக்கு எப்படிப் போறதுங்க?"

சோலைமலை என் வீட்டுக்காரர். பேச்சிலேயே ஆள் தெரிந்துவிட்டது. கேட்ட அம்மா, என் மகள் ஹரிணியைப் பெண் பார்க்க நெய்க்காரப்பட்டிப் பக்கமிருந்து வெள்ளிக்கிழமை வரவேண்டியவர். மாப்பிள்ளையின் அம்மா.

இன்று புதன்.

தலைத்துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். என் சம்சாரம் வெயிலே பார்த்ததில்லை என்று தரகரிடம் என் வீட்டுக்காரர் பெருமையடித்து வைத்திருந்தார். தரகரும் விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்படித்தான், கோயிலுக்குப் போனாலும் குடைதான், ரெண்டு குடும்பமும் சரிக்குச் சரி என்றார். அந்தச் சரிக்குச் சரியில்தான் இந்தச் சம்பந்தமே நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பெருமாயி முந்திக்கொண்டாள்.

"நேரா சித்தையன்கோட்டைக்குப் போங்க. அங்கிட்டு ரைஸ்மில்லுல திரும்பி, பாலம் தாண்டி, யார்ட்டயாச்சும் கேளுங்க."

எங்கள் வீடு எதிரே இருக்கும் வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம். சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும்.

முன் சீட்டில் இருந்தவர், மாப்பிள்ளையின் அப்பாவாகத்தான் இருக்கவேண்டும், டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார். "நூறு நாள் வேலைங்க. நின்னுக்கிட்டே தூங்கறாங்க பாருங்க."

டிரைவரும் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டைக் கையையே செத்த நேரம் பார்த்தார். கண்ணாடி ஏறியது.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அது நான் பேசிய பேச்சு.

செம்பட்டியில் எங்களுக்கு ஜெராக்ஸ் கடை இருந்தபோது, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வேன். இந்த வேலையை நிறுத்தினால்தான் நாடு உருப்படும், மரத்தடியில் படுத்துக் கிடப்பவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று. வேலை அட்டையை நகல் எடுக்க வந்த பெருமாயியிடமே சொல்லியிருக்கிறேன்.

கடையை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஃபேன் போனது. அந்தக் கருத்தும் அதனுடனே எங்கோ போய்விட்டது.

முதல் நாள் நான் மண்வெட்டியோடு வந்து நின்றபோது பெருமாயி ஒன்றும் கேட்கவில்லை. "கலெக்டரம்மா வந்திருக்காக, மரத்தடியக் கூட்டி விடுங்கடி" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து கரையில் எனக்கு அதுதான் பெயர்.

"ஏ கலெக்டரு, வேடிக்கையா பாக்குற? வாழைக்குள்ள விழுந்து ஓடு!" என்று இப்போதும் அவள்தான் விரட்டினாள்.

"போட்டோ?" என்றேன்.

காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. எல்லோரையும் வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தி, பொறுப்பாளர் பொன்னழகு போனில் எடுத்து ஏற்றுவாள். இரண்டிலும் முகம் இருந்தால்தான் அந்த நாள் கூலி நமக்கு. இதெல்லாம் இந்த வேலைக்கு வராத யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

"மக கல்யாணத்த விட உனக்குப் போட்டோ பெருசா? ஓடுத்தா!"

ஓடினேன். நாற்பத்தாறு வயதுக்கு அது நல்ல ஓட்டம்.

கொல்லைப்புறமாக நுழைந்து, சட்டையைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் திணித்தேன். காலைக் கழுவினேன். சின்னாளபட்டிச் சுங்குடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஹரிணி என் கையைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மணிக்கட்டில், சட்டைக் கை முடியும் இடத்தில், கோடு போட்டதுபோல் இருந்தது. கோட்டுக்கு மேலே என் நிறம். கீழே கண்மாய் நிறம்.

பவுடரை அள்ளி அப்பிக்கொண்டேன். பார்க்க வருவது அவளைத்தான் என்பது அப்புறம்தான் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

கார் வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. பெருமாயி நன்றாக இருக்கட்டும்.

கூடத்தில் ஆண்கள் ஐந்தே நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இலவசம் ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நூறு நாள் வேலையை முதலில் நிறுத்தவேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். சொல்லும்போது அடுப்படிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மாப்பிள்ளை யோகேஷ் மட்டும் மிக்சரைக் கிளறிக்கொண்டிருந்தான்.

நான் காப்பி ஆற்றினேன். நடுவில் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

தண்ணீர் கேட்டுக்கொண்டு அந்த அம்மா அடுப்படிக்குள் வந்தார். சொம்பை நீட்டினேன். அவர் சொம்பை வாங்கவில்லை. என் கையைப் பிடித்தார். கட்டைவிரலால் மணிக்கட்டை ஒரு தேய் தேய்த்தார்.

பவுடர் உதிர்ந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். கதவோரம் நின்ற ஹரிணிக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க கூட்டாளி எங்களை நல்லாத்தான் சுத்த விட்டாங்க" என்றார் மெதுவாக.

பிறகு தன் வளையல்களை மேலே ஏற்றினார்.

அங்கேயும் பவுடர். அதற்கு அடியில், அதே இடத்தில், அதே கோடு.

"வெள்ளிக்கிழமை எங்கூர்ல குளத்து வேலை போட்டுட்டாங்க. அதானுங்க இன்னிக்கே வந்துட்டோம்."

கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"உங்களுக்கு ரெண்டாவது போட்டோ எத்தனை மணிக்குங்க?"