சனிக்கிழமைச் சங்கிலி

“வாரமெல்லாம் நல்லா ஓட்டியிருக்கா போல. பாருங்க மச்சான், சங்கிலி பூரா மண்ணு” என்றார் மாப்பிள்ளை, சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, சற்று உரக்கவே.

தங்கை வீட்டுக்கு வந்திருந்த லாரிக்காரருக்குப் பின்கழுத்து சில்லிட்டது. ஓட்டியிருக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்ன அவருடைய மகள், போன மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். மாமன் வந்தால் லாரியில் ஏறி உட்கார்ந்து, ஹாரன் அடித்துத் தெருவையே இரண்டாக்கும் பெண்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் அவளுடைய சிவப்பு சைக்கிள் பழைய செய்தித்தாள் மேல் தலைகீழாக நின்றது. மாப்பிள்ளை டூத்பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாக மண்ணைத் தட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினார். துணி கறுத்தது.

“போன வாரமும் துடைச்சீங்களா மாப்ள?”

“சனிக்கிழமை தவறாம துடைக்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள்ள மறுபடியும் மண்ணு ஏறிடுது.”

லாரிக்காரர் நடுக்காட்டில் வண்டியை ஓரங்கட்டி, நிம்மதியாகக் குறட்டை விட்டவர். யாராவது பேய்க்கதை எடுத்தால், “அதுக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்பவர். இன்றைக்கு அந்த வாயில் ஈரமே இல்லை.

“அந்த சைக்கிளை ஏத்திட்டு வந்துடுங்க. அது கண்ணு முன்னாடி இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் தேற மாட்டாரு” என்று சொல்லித்தான் லாரிக்காரரை அவர் மனைவி அனுப்பியிருந்தாள். நியாயமான பேச்சு. வேலைக்கு முழுக்குப் போட்டு, தாடி வளர்த்து, வாரம் முழுக்கக் கட்டிலே கதியென்று கிடக்கிற மனிதர்.

தங்கையை நினைத்துத்தான் லாரிக்காரருக்கு வயிறு எரிந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும் தெருவுக்கே ஓடிவருகிறவள், இன்று உள்ளே இருந்தபடியே “வா அண்ணா” என்றதோடு சரி. புருஷன் இப்படி இருந்தால் அவளுக்கு மட்டும் எங்கிருந்து தெம்பு வரும்?

மனதைக் கல்லாக்கிக்கொண்டு சைக்கிளைத் தூக்கப் போனார். கை டயரில் பட்டது. காய்ந்த தூசிதான் இருந்தது, மண் ஒரு பொட்டுகூட இல்லை. சேற்றில் ஓடிய சைக்கிளுக்கு டயரை விட்டுவிட்டுச் சங்கிலியில் மட்டும் மண் ஏறுமா?

வந்த பயம் போய், கோபம் வந்தது. நேராகச் சமையலறைக்குப் போனார்.

“உன் புருஷனுக்கு முத்திப்போச்சும்மா. அவரே மண்ணைப் பூசிட்டு அவரே துடைக்கிறாரு. சைக்கிளை இப்பவே ஏத்திட்டுப் போறேன்.”

தங்கை சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசு அண்ணா. பூசுறது நான்தான்.”

“நீயா?” என்றார் லாரிக்காரர், குரலைத் தாழ்த்தி.

“அவர் பகல்ல தூங்குற நேரம் பார்த்து, தெருக்குழாயடிக்குப் போய் ஒரு கை மண்ணு அள்ளிட்டு வந்து பூசிடுவேன். இல்லைன்னா அவர் எதுக்கு எழுந்திருப்பாரு? சங்கிலியைத் துடைக்கிற அன்னைக்குத்தான் குளிக்கிறாரு, ரெண்டு வாய் சாப்பிடுறாரு. மக வந்து ஓட்டுறான்னு நம்பிட்டே இருக்கட்டும். எனக்கு அவராவது மிஞ்சணும் அண்ணா. சொல்லிடாத.”

லாரிக்காரர் அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

மாப்பிள்ளை இப்போது கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். “மேல நிக்கிற எண்ணெயைத் துடைச்சிடணும் மச்சான். விட்டா தூசியை இழுக்கும்” என்று காய்ந்த துணியை எடுத்தார். அந்த முகத்தில் இருந்த அக்கறையைப் பார்க்க லாரிக்காரரால் முடியவில்லை. விவரம் தெரிந்த மனிதரைப் பச்சைப்பிள்ளை மாதிரி எத்தனை நாளைக்கு ஏமாற்றுவது? இன்றைக்கு வலித்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லித் தெளிய வைப்பதுதான் ஒரு மச்சான் செய்கிற காரியம் என்று தோன்றியது.

பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“மாப்ள, மனசைத் திடமா வெச்சுக்குங்க. குழந்தை வரலை. அந்த மண்ணைப் பூசுறது என் தங்கச்சி.”

மாப்பிள்ளையின் கை நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“தெரியும் மச்சான். அதுக்காக மட்டும்தான் அவ வாசப்படி தாண்டுறா.”