அரம் கடிக்கிற கத்தி

“இது வேண்டாம்ணே. ரொம்ப நல்லாருக்கு.”

கடைக்காரர் பழனிவேலுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் பதினெட்டு வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நன்றாக இருக்கிறது என்ற காரணத்துக்காக யாரும் பொருளைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

நம்பிராஜன் மடக்குக் கத்தியை மடக்கிக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். கம்பெனிச் சட்டை. கையில் ஒரு சின்ன அரம். இதற்குள் ஐந்து கத்திகளை அரத்தால் தேய்த்துப் பார்த்துத் தள்ளிவிட்டிருந்தான். ஒரு மணி நேரமாகக் கரண்ட் இல்லை. இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றியது.

“தம்பி, அரம் வழுக்கிகினு போச்சுன்னா இரும்பு கெட்டின்னு அர்த்தம். சீக்கிரம் மழுங்காது. இது கார்பன் ஸ்டீலு. ஈரம் இல்லாம தொடச்சு வச்சீன்னா பத்து வருஷம் ஓடும். நூத்தம்பது ரூபாய்க்கு வேற இன்னா வோணும் உனக்கு?”

“அரம் கடிக்கணும்ணே.”

“கடிச்சா அது மெத்து இரும்புபா! ரெண்டு நாளைக்கு மேல தக்காளிகூட அறுக்காது.”

“ரெண்டு நாள் எதுக்கு? இன்னைக்கு ஒரு நாள் வேலை செஞ்சாப் போதும்.”

பழனிவேல் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்புறம், சாணை கோணலாப் புடிச்சது ஏதாச்சும் இருக்காண்ணே? ரெண்டு பக்கமும் சரிவு ஒண்ணுபோல இருக்கக் கூடாது.”

“குழிவா புடிச்சதான்னு கேப்பாங்க, தட்டையா புடிச்சதான்னு கேப்பாங்க. குழிவுன்னா நல்லா அறுக்கும், ஆனா வெளிம்பு மெல்லிசு. தட்டைன்னா தினப்படி வேலைக்குத் தாங்கும். கோணல் வோணும்னு கேக்குற மொத ஆளு நீதான். யாருக்குபா கத்தி?”

“பொண்டாட்டிக்கு.”

பழனிவேல் கத்தித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வூட்டுல எதுனா பிரச்சனையா?”

“நாளைக்குக் காலைல ஊருக்குக் கெளம்புதா. சங்கரன்கோயில் பஸ்ஸு. போனா திரும்ப வரமாட்டா, எனக்குத் தெரியும். அதுக்குள்ள இத வச்சு ஒரு முடிவு கட்டணும்.”

“தம்பி, ஒரு பீலர் எடுத்துக்கோ. உருளைக்கெழங்குத் தோலு மட்டும்தான் போவும். எனக்கு ரெண்டு பொண்ணு கீது. கோர்ட்டு, சாட்சின்னு அலைய முடியாது.”

“பீலர் வேலைக்கு ஆவாதுண்ணே. கத்திதான் வேணும்.”

பழனிவேல் யோசித்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். வல்லக்கோட்டைக் கிருத்திகைக்குக் கடை போட்டபோது இலவசமாகத் தந்தும் ஆள் வாங்காத சரக்கு. அதிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். திறந்தால் அலகு ஆடியது. மூடினால் நடுவில் நிற்காமல் பிடியில் இடித்தது.

நம்பிராஜன் அரத்தை வைத்து இழுத்தான். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“இதுதாண்ணே! இவ்வளவு நேரம் எங்க வச்சிருந்தீக?”

பழனிவேலுக்கும் நிம்மதி. இதை வைத்துக்கொண்டு வாழைப்பழத்தைக்கூடக் கொலை செய்ய முடியாது. கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

“நீயே எடுத்துக்கோ. கத்திய கையில குடுத்தா சண்டை வரும்பாங்க.”

“வந்தா நல்லதுதாண்ணே” என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

பென்னலூரில் ஒற்றை அறை. முத்துச்செல்வி புடவைகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நம்பிராஜன் கத்தியை அவள் கையிலேயே கொடுத்தான்.

“பஸ்ஸுல கொய்யாப்பழம் வெட்ட ஆவும். ஒண்ணாம் நம்பர் கத்தி. பாத்துப் பாத்து வாங்குனேன்.”

அவள் நிமிரவில்லை. ஆனால் கை தானாகக் கத்தியைத் திறந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பி மறுபக்கம் பார்த்தாள். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தாள். காதருகே வைத்து ஆட்டினாள். உதடு அசைந்தது. பிறகு இறுக மூடிக்கொண்டாள். கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

நம்பிராஜன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

ஜிப் பாதி வழியில் நின்றது. அவள் பைக்குள் கைவிட்டுக் கத்தியை வெளியே எடுத்தாள்.

“இத எவன் பாஸ் பண்ணான்? இந்தப் பக்கம் இருவது டிகிரி, அந்தப் பக்கம் முப்பது! அலகு பூரா நீலம் பாஞ்சு கெடக்கு. தண்ணி விடாமச் சாணை புடிச்சுருக்கான், சூட்டுல இரும்பு செத்தே போச்சு. பிசிறுகூட எடுக்கல. ரிவிட்டு ஆடுது. இதப் போயி ஒண்ணாம் நம்பருங்கீய! ஒங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு? நாளைக்குப் பஸ்ஸு கெடக்கட்டும். அந்தக் கடையக் காட்டுங்க மொதல்ல!”

டூல் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவள் முத்துச்செல்வி. ‘எல்லாத்துலயும் தப்புக் கண்டுபிடிக்க நான் என்ன ஒன் கம்பெனி லைன்ல வர்ற பீஸா? வாய மூடு’ என்று அவன் சொன்ன அன்று மூடிய வாயை, பதினாறு நாள் கழித்து இப்போதுதான் திறந்திருக்கிறாள்.

“இன்னும் என்னென்ன தப்பு இருக்கு, சொல்லு செல்வி” என்று நம்பிராஜன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.