எழுபதுக்கு எழுபது

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரே ஒரு வெள்ளி நாணயம் தபாலில் வந்து பூஜை அலமாரியில் அமர்ந்தது. பெயர் மயிலன். அது இருந்த சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியின் மேல் 70 என்று அச்சிட்டிருந்தது.

“நூத்துக்கு எழுபதா? மீதி முப்பதை எங்கே விட்டே?” என்றது குங்குமச் சிமிழ்.

“எழுபதுக்கு எழுபது, அக்கா. நாணயங்களுக்குத் தரம் போடற கம்பெனிக்காரங்க லென்ஸ் வச்சுப் பார்த்துப் போட்ட மார்க். யார் விரலாவது பட்டா போயிடும்.”

“அப்போ உனக்குப் பொட்டு கிடையாதா?”

மயிலன் சிரித்தது. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்காரி வைத்த பொட்டு பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உதிர்ந்தது. பக்கத்துப் பித்தளை மணிக்குக்கூடப் பொட்டு நிலைத்தது.

“அக்கா, இந்த அலமாரி விளிம்பு எவ்வளவு தூரம்?” என்று ஒருநாள் மயிலன் கேட்டது.

“கொஞ்சம் நகர்ந்தா போதும்.”

ஆடி முதல் வெள்ளியன்று பெட்டி கீழே விழுந்து உடைந்தது. தை முதல் தேதி நிலவரப்படி மயிலனுக்கு மார்க் எதுவும் இல்லை, நெற்றியில் பொட்டு இருக்கிறது.